போட்டிக்குப் போங்கள், படங்கை எழுதிக் கொடுக்காதீர்கள்

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து 23 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். எட்டுப் பக்கக் கடிதம், கூடவே இரண்டு படங்கள், வட்ஸ்அப்பில் வந்த ஓர் ஒப்பந்தத்தின் பிரதி. பெயர், தோட்டம், வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

உயர்தரம் முடித்த கையோடு ஆடைத் தொழிற்சாலையில் மெஷின் வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது நான்கு வருடமும் எட்டு மாதமும் ஆகிறது. இரவில் லயத்துக் காம்பராவில், அத்தை கொடுத்த பழைய மிதி மெஷினில், அக்கம்பக்கத்தாருக்குச் சாரி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது சேலைக்கு மேல் சுற்றும் படங்கைப் பார்த்து, அதே மடிப்பும் அதே முடிச்சுமாகப் பருத்தித் துணியில் ஒரு பாவாடை தைத்திருக்கிறார். தம்பி அதைக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துப் போட, நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் கொழும்பில் ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்காரர்.

புதிய ஆடை வடிவமைப்பாளர்களைத் தேடும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றுக்கு இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்து வாரம் கொழும்பில், தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, தங்க வேண்டும். முதல் பரிசு 15 இலட்சம் ரூபா. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் 14 பக்கம். ஐந்து வருடத்துக்குத் தையல் வருமானத்தில் 10 வீதம் நிறுவனத்துக்கு, இடையில் விலகினால் பத்து இலட்சம் ரூபா தண்டம் என்று அதில் இருக்கிறது. மாத முடிவுக்குள் கையெழுத்திட வேண்டும், பயிற்சிக் கட்டணம் என்று 35,000 ரூபா கட்ட வேண்டும். அண்ணன், "இங்கிலீசுக் கடதாசி நமக்குச் செல்லாது, போட்டுக் கொடுத்துட்டுப் போ" என்கிறார். அப்பா நுண்கடன் எடுத்தாவது அனுப்பத் தயார், ஆனால் பயம். அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான். கூடையோடும் படங்கோடும் தன்னைப் படம் பிடிக்க வருவார்களாமே, வெளுத்த சேலையோடு ஊரே பார்க்க நிற்பதா என்று கேட்கிறாராம். இவருடைய கேள்விகள்: கையெழுத்துப் போடலாமா? வேலையை விடலாமா? தைப்பது யாருக்குச் சொந்தம்?

மகள், நீங்கள் அனுப்பிய 14 பக்கத்தையும் இரண்டு தடவை வாசித்தேன். போக வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஹட்டன் நீதிமன்றத்துக்கு வருகிற எங்கள் பிள்ளைகளில் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கடதாசியைக் கொண்டுவருவார்கள். நீங்கள் முன்னாலேயே அனுப்பியிருக்கிறீர்கள். பேசுவதற்கு இன்னும் இடம் இருக்கிறது.

அண்ணன் சொன்ன இரண்டு விஷயங்கள்

அண்ணன் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் இரண்டும் பிழை.

ஆங்கில ஒப்பந்தம் செல்லாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தமிழும் அரச கரும மொழி என்பதால் பிரதேச செயலகம் உங்களுக்குத் தமிழில் பதில் தர வேண்டும். அந்தக் கடமை அரசாங்கத்துக்கு உரியது. இரண்டு தனியார் தங்களுக்குள் எழுதிக்கொள்வது எந்த மொழியிலும் இருக்கலாம். இலங்கையில் ஒப்பந்தங்களுக்கு அடித்தளம் ரோமன்-டச்சுச் சட்டம். அதன் கண்ணில், கையெழுத்துப் போட்டவர் வாசித்து விளங்கித்தான் போட்டார். பொய் சொல்லி ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றால் அது வேறு கதை, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். உங்களுக்கு 18 வயதும் தாண்டிவிட்டது, அதனால் சின்னப் பிள்ளை என்ற காரணமும் எடுபடாது. இன்னொன்று: வட்ஸ்அப்பில் 'சம்மதம்' என்று ஒரு வரி அனுப்பினால் போதும் என்று அந்த நிறுவனத்துக்காரர் எழுதியிருக்கிறார் அல்லவா? 2006-ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி அந்த ஒரு வரியும் ஒப்பந்தமாகிவிடலாம். ஆகவே மரியாதைக்குக்கூட 'ஓகே' போட்டு வைக்காதீர்கள். தோட்டத்தில் உள்ள சமாதான நீதவானிடம் முத்திரை குத்தி வாங்கினால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கிற நிபந்தனையை அந்த முத்திரை ஒரு சொல்லும் மாற்றாது.

இரண்டாவது, வரைந்த படங்களை உங்களுக்கு நீங்களே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையை உடைக்காமல் வைத்தால் உரிமை பதிவாகிவிடும் என்பது. இந்தக் கதையை நான் சட்டக் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து கேட்கிறேன். உறை ஒரு திகதியைக் காட்டும், அவ்வளவுதான். அதுவும் முன்கூட்டியே வெறும் உறையை அனுப்பி வைத்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் இல்லை. உண்மையில் உங்களுக்கு அந்தச் சிரமமே தேவையில்லை. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், நீங்கள் கொப்பியில் வரைந்த அந்த நிமிடமே படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. பதிவு, கட்டணம் ஒன்றும் கிடையாது. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 70 வருடமும் நிற்கும்.

ஆனால் இந்த உரிமைக்கும் எல்லை உண்டு. சட்டம் யோசனையைக் காப்பதில்லை, அதை நீங்கள் வெளிப்படுத்திய விதத்தைத்தான் காக்கும். படங்கிலிருந்து பாவாடை என்ற எண்ணத்தை நாளைக்கு வேறொருவர் எடுத்து வேறு மாதிரித் தைத்தால் தடுக்க முடியாது. உங்கள் அம்மா படங்கு கட்டுகிற விதமும் யாருடைய தனிச் சொத்தும் இல்லை. அது நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வந்தது. அதை நீங்கள் சொந்தம் கொண்டாட முடியாது, அந்த நிறுவனமும் கொண்டாட முடியாது. அந்த இரண்டாவது பாதி முக்கியம், நினைவில் வையுங்கள்.

ஆடையின் தோற்றத்தையே கைத்தொழில் வடிவமைப்பாகத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியலாம். ஐந்து வருடம், பிறகு இரண்டு தடவை புதுப்பித்து மொத்தம் 15 வருடம் வரை. ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் அது புதியதாக இருக்க வேண்டும், அதாவது உலகத்தில் எங்கேயும் வெளியே காட்டப்படாததாக. தம்பி வீடியோ போட்டுவிட்டார், மகள். அந்தப் பாவாடைக்கு இந்தக் கதவு அநேகமாக மூடிவிட்டது. தம்பியைத் திட்டாதீர்கள், அந்த வீடியோ இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து அழைப்பே வந்திருக்காது. கொப்பியில் இன்னும் காட்டாத பதினொரு வடிவங்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அவற்றை மட்டும் இனி யாருக்கும் காட்டாமல் வையுங்கள். எது பதியத் தகுந்தது என்று பார்த்து, தொலைக்காட்சியில் வருவதற்கு முன் விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். ஒளிபரப்பான மறுநாள் போனால் பிந்திவிடும்.

'அதற்கு முன்னரும்' என்ற சொல்

ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போடுங்கள். போட்டிக் காலத்திலும் அதற்கு முன்னரும் நீங்கள் வரைந்தது, தைத்தது எல்லாம் நிறுவனத்துக்குச் சேரும் என்று இருக்கிறது. போட்டிக்காக அவர்கள் துணியில், அவர்கள் நேரத்தில் செய்வதை அவர்கள் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கலாம். இப்படியான போட்டிகளில் அது வழக்கம்தான். ஆனால் லயத்துக் காம்பராவில் இரவு பதினொரு மணிக்கு உங்கள் காசில் வாங்கிய துணியில் செய்ததற்கு இவர்கள் என்ன தந்தார்கள்? புலமைச் சொத்துச் சட்டத்தில், பொருளாதார உரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். அந்த எழுத்துத்தான் இந்த ஏழாம் பிரிவு. நீங்கள் கையெழுத்திடாவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் போகாது.

ஆகவே இரண்டு திருத்தம் கேளுங்கள். 'அதற்கு முன்னரும்' என்பதை வெட்ட வேண்டும். ஒப்பந்தத்தோடு ஓர் இணைப்புப் பட்டியல் சேர்க்க வேண்டும்: இன்ன இன்ன வடிவங்கள் நான் முன்னரே செய்தவை, இவை என்னுடையவை என்று. நீங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையும் இதே கேள்வியைக் கேட்கலாம் என்று பயந்திருக்கிறீர்கள். வேலையின் பகுதியாகச் செய்யும் படைப்பு முதலாளிக்குச் சேரும் என்பது உண்மை. ஆனால் உங்களை அவர்கள் தைக்க வைத்திருக்கிறார்களே தவிர வரைய வைக்கவில்லை. வீட்டில் செய்தது உங்களுடையதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: கடைத்தெருவில் வாங்கும் வெட்டுத் துண்டுகளில் வெளிநாட்டு பிராண்டுகளின் பெயரோ குறியோ அச்சாகி இருந்தால், அதைப் போட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

பத்து வீதம்

ஐந்து வருடத்துக்கு உங்கள் தையல் வருமானத்தில் 10 வீதம் என்பது சின்னத் தொகையாகத் தெரியும். இதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். இந்த வகைப் போட்டிகளுக்கெல்லாம் முன்மாதிரி 2004 டிசம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய 'ப்ரொஜெக்ட் ரன்வே'. ஹைடி க்ளம் நடத்தினார், டிம் கன் போட்டியாளர்களுக்கு வழிகாட்டினார். முதல் சுற்றிலேயே கடைக்குள் விட்டு, அங்கே கிடைக்கும் மளிகைச் சாமானில் உடுப்புச் செய்யச் சொன்னார்கள். ஒஸ்டின் ஸ்கார்லெட் என்ற பையன் சோளத் தோலைக் கோத்து ஓர் உடுப்புச் செய்து அந்தச் சுற்றை வென்றார். (படங்கில் பாவாடை பார்த்த உங்களுக்கு இது ஆச்சரியமாக இராது.) அந்த முதல் தொடரில் மொத்தமாக வென்றவர் ஜே மெக்காரல். பரிசு ஒரு இலட்சம் டொலர். அவர் அதை வாங்கவில்லை! வாங்கினால் தன் எதிர்காலத் தொழிலில் 10 வீதம் தயாரிப்புத் தரப்புக்குப் போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். வென்ற ஒருவர், அந்தப் பணம் தேவையாக இருந்த ஒருவர், கணக்குப் பார்த்து வேண்டாம் என்றார்.

அதே நிகழ்ச்சியில் 2008-இல் கிறிஸ்டியன் சிரியானோ வென்றபோது அவருக்கு வயது 22. இன்று பெரிய பெயர். 2019 முதல் அதே நிகழ்ச்சியில் டிம் கன் இருந்த வழிகாட்டி இடத்துக்கும் அவர்தான் வந்தார். ஆகவே இந்த மேடைகள் வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை.

உங்கள் ஒப்பந்தத்துக்கு வருவோம். 10 வீதம் எதிலிருந்து என்று எழுதவில்லை. இலாபத்திலா, மொத்த விற்பனையிலா? 1,500 ரூபாவுக்கு ஒரு பிளவுஸ் தைத்து, துணி, நூல், லைனிங், கரண்ட் போக உங்கள் கையில் 400 ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த விற்பனையில் 10 வீதம் என்றால் 150 ரூபா. அது உங்கள் 400-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வெல்லாதவர்களுக்கும், இரண்டாம் வாரமே வெளியேறுகிறவர்களுக்கும் இது பொருந்துமா என்றும் எழுதவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிக் கேட்பேன்: வென்றால் மட்டும், இலாபத்தில் மட்டும், இரண்டு வருடம் மட்டும், போட்டியில் செய்த வடிவங்களை விற்றால் மட்டும். நான்கையும் தர மாட்டார்கள். இரண்டு கிடைத்தாலே நல்லது. 'இலாபத்தில்' என்ற சொல்லை எழுத மறுத்தால் மட்டும் போக வேண்டாம் என்பேன்.

பரிசு 15 இலட்சம் வரி கழித்தா, கழிக்காமலா, பணமாகவா, அனுசரணையாளரின் மெஷினும் துணியுமாகவா, எத்தனை நாளுக்குள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். 14 பக்கத்தில் பரிசைப் பற்றி இருப்பது ஒன்றரை வரி. உங்கள் கடமைகள் பதினொரு பக்கம்.

35,000 ரூபா

எனக்கு இதில்தான் மனம் ஒப்பவில்லை. போட்டியாளர்தான் நிகழ்ச்சியின் சரக்கு. சரக்கிடமே காசு கேட்கிற வியாபாரம் எனக்குப் புதிது. எல்லாரும் மோசடி என்று சொல்ல மாட்டேன், ஆனால் கட்டுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். நிறுவனத்தின் பெயர் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பதிவாகி இருக்கிறதா என்று இணையத்திலேயே தேடிப் பாருங்கள். எந்த அலைவரிசையில் வரப் போகிறது என்று சொல்கிறார்களோ, அந்த அலைவரிசையின் அலுவலகத்துக்கு நீங்களே தொலைபேசி எடுத்து விசாரியுங்கள். அவர்கள் தந்த இலக்கத்துக்கு எடுக்காதீர்கள், நீங்களாகத் தேடி எடுத்த இலக்கமாக இருக்கட்டும். காசு கட்டுவதானால் கம்பனியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஒரு தனி ஆளின் பெயர். அதற்கு ஒரு சதமும் போடக் கூடாது.

அப்பாவிடம் சொல்லுங்கள், நுண்கடன் இந்தக் காரியத்துக்கு வேண்டவே வேண்டாம். வாரத் தவணை கேட்டு லயத்து வாசலில் வந்து நிற்பவர்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் கொழும்பில் தொலைபேசி இல்லாமல் இருக்கும் பத்து வாரமும் அந்தத் தவணைக்கு அம்மாதான் பதில் சொல்ல வேண்டி வரும். கட்டணத்தைப் பரிசிலிருந்தோ உங்களுக்குத் தரும் நாட்கொடுப்பனவிலிருந்தோ கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உண்மையாகவே உங்களை வேண்டும் என்று நினைப்பவர்கள் அதற்குச் சம்மதிப்பார்கள்.

இடையில் விலகினால் பத்து இலட்சம் என்பதைப் பார்த்து இரவில் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான நட்டத்துக்கு எத்தனையோ மடங்கு மிஞ்சிய தண்டத்தை நீதிமன்றம் கேட்டபடியே எடுத்துக் கொடுத்துவிடும் என்றில்லை. ஆனால் அந்த வாதத்தைச் சொல்ல நீங்கள் கொழும்பு நீதிமன்றத்துக்கு ஏறி இறங்க வேண்டும். ஆகவே முன்னாலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: நோய், வீட்டில் மரணம், பாதுகாப்புப் பிரச்சினை, துன்புறுத்தல் ஆகிய காரணங்களால் விலகினால் தண்டம் இல்லை.

பத்து வாரம் தொலைபேசியை வாங்கி வைப்பது இந்த நிகழ்ச்சிகளில் புதிதல்ல. ப்ரொஜெக்ட் ரன்வேயில் விதிகள் எவ்வளவு இறுக்கம் என்றால், 2006-இல் ஒருவர் தையல் மாதிரிப் புத்தகம் வைத்திருந்ததற்காகவும், 2017-இல் இன்னொருவர் தங்கிய அறையில் அளவு நாடா வைத்திருந்ததற்காகவும் வெளியே அனுப்பப்பட்டார்கள். நம் ஆட்கள் கழுத்திலேயே நாடாவைப் போட்டுக்கொண்டு தூங்குவார்கள்! விதிப் புத்தகத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி வாசியுங்கள். வாரத்தில் இரண்டு முறையாவது வீட்டுக்குப் பேச நிலையான தொலைபேசி, பெண்கள் தங்கும் இடத்தின் முகவரி, பொறுப்பான பெண் அதிகாரியின் பெயர், இவை மூன்றும் அப்பாவின் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக் கோவையின் 345-ஆம் பிரிவின்படி குற்றம். இரகசியம் காப்பேன் என்று நீங்கள் போடும் கையெழுத்து, பொலிஸில் முறையிடும் உரிமையைப் பறிக்காது. பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938. இலக்கத்தை மனப்பாடம் செய்யுங்கள், தொலைபேசிதான் கையில் இருக்காதே.

வேலையை விடுவதா?

இன்றைக்கு விடாதீர்கள். 1983-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால்தான் பணிக்கொடை. மாதச் சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். உங்களுக்கு நான்கு வருடம் எட்டு மாதம். நான்கு மாதம் முன்னால் இராஜினாமாக் கடிதம் கொடுத்தால் இரண்டரை மாதச் சம்பளத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். சுப்பர்வைசர் "எழுதிக் குடுத்துட்டுப் போ, வந்து திரும்பச் சேரலாம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். திரும்பச் சேர்ந்தால் கணக்கு முதலாம் நாளிலிருந்து தொடங்கும். அதற்குப் பதிலாகச் சம்பளமில்லாத லீவு கேளுங்கள், பத்து வாரத்துக்கு, எழுத்தில், சேவை முறியாது என்ற வசனத்தோடு. கிடைக்காவிட்டால் போட்டியின் அடுத்த தொடருக்கு வருகிறேன் என்று கேட்டுப் பார்ப்பதும் ஒரு வழி.

அம்மா பயப்படுகிற மாதிரி ஊழியர் சேமலாப நிதி எங்கேயும் போகாது. உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் உங்கள் பெயரில்தான் நிற்கிறது, வேலையை விட்டாலும் நிற்கும். கட்டுகிறார்களா என்று மட்டும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள்.

அம்மாவைப் படம் பிடிக்க வருகிறார்கள்

உங்கள் கடிதத்தில் இது கடைசிப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் இருந்தது. எனக்கு அதுதான் முதல் பக்கம்.

அறிமுகக் காட்சிக்கு லயம், ஒழுகும் தகரம், கூடை சுமக்கும் அம்மா, பின்னால் சோக இசை. இந்தக் காட்சியை எங்கள் மக்கள் போதும் போதும் என்று பார்த்துவிட்டார்கள். கொழுந்து மலை கொழும்புக்காரருக்குப் பின்னணிப் படம். அழுதால் இன்னும் நல்லது என்பார்கள். ஒன்பதாம் பிரிவு, எடுத்த படத்தை எப்படியும் வெட்டி ஒட்டி, எந்த அர்த்தம் வரும்படியும் காட்டலாம் என்கிறது. அதற்குச் சம்மதித்துவிட்டுப் பிறகு மானநஷ்டம் என்று போனால், உங்கள் கையெழுத்தையே முன்னால் வைப்பார்கள்.

ஆனால் அந்தக் கையெழுத்து உங்களை மட்டும்தான் கட்டும். அம்மாவுக்காக நீங்கள் போட முடியாது, 15 வயதுத் தம்பிக்காகவும் முடியாது. அம்மாவைப் படம் எடுக்க அம்மாவின் சம்மதம் தனியாக, தமிழில், அவர் விளங்கிக்கொண்டு தர வேண்டும். மலைக்குள் கமெரா வர வேண்டுமானால் துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், அனுமதி வேண்டும், அதை எடுப்பது நிறுவனத்தின் வேலை. அதற்காக நீங்கள் ஒபிஸ் வாசலில் போய் நிற்காதீர்கள். படப்பிடிப்பால் அம்மாவுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழுந்தால் அந்த நாள் சம்பளத்தையும் அவர்கள்தான் தர வேண்டும். இதைக் கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்காகப் போட்டியிலிருந்து நீக்க முடியாது என்று ஒரு வரி சேருங்கள்.

ஒரு யோசனை, சட்டத்தரணியாக இல்லாமல் சொல்கிறேன். அம்மா நல்ல சேலையோடு வீட்டில் உட்கார்ந்து, படங்கை ஏன் அப்படிச் சுற்றுகிறோம் என்று அவரே சொல்லட்டும். காலைப் பனியில் சேலை நனையாமல், கவாத்து வெட்டிய குச்சி குத்திக் கிழிக்காமல், வேகமாக நடக்கக் கால் அகல வேண்டும் என்பதற்காக ஒரு பக்கம் மட்டும் திறந்து. நீங்கள் பாவாடையில் வைத்திருக்கும் திறப்பும் அதே இடத்தில்தானே? எந்த ஆடை வடிவமைப்புப் பள்ளியிலும் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள், உடுப்பு எந்த வேலைக்கு, எந்த உடம்புக்கு என்று. அம்மாவை வடிவத்தின் ஆசிரியையாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தயாரிப்பாளருக்கு அது பிடிக்காமல் போகலாம். கேட்டுப் பாருங்கள்.

இனி என்ன செய்வது

அண்ணனின் தொலைபேசியிலிருந்து இல்லாமல் உங்கள் மின்னஞ்சலிலிருந்து ஒரு கடிதம் போடுங்கள். "பங்குபற்ற விருப்பம். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி வேண்டும். 7, 9 ஆகிய பிரிவுகளிலும் வருமானப் பங்கு, விலகல் தண்டம் பற்றிய பிரிவுகளிலும் திருத்தம் கேட்கிறேன். பதில் வந்து இரண்டு வாரத்தில் கையெழுத்திடுவேன்" என்று. நான்கு வரி போதும், மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். மாத முடிவு என்பது அவர்கள் போட்ட திகதி. திருத்தம் கேட்டதற்காகவே கூப்பிட்ட அழைப்பைத் திரும்ப எடுத்தால், பத்து வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு இலவசமாகத் தெரிந்துவிடும். தமிழ்ப் பிரதி தர மறுத்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் அந்த நான்கு பிரிவுகளையாவது மாற்றி வாங்குங்கள். 14 பக்கமும் தேவையில்லை, செலவு கூடும்.

திருத்திய பிரதி வந்ததும், கையெழுத்துக்கு முன், சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்கு எடுத்துப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே ஆலோசனை இலவசம். அடையாள அட்டையும் சம்பளச் சிட்டையும் கொண்டு போங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது அந்த இணைப்புப் பட்டியல். கொப்பியின் பதினொரு வடிவங்களையும் வீடியோவில் வந்த பாவாடையையும் ஒவ்வொரு தாளில், முன்பக்கம் பின்பக்கம் வரைந்து, எப்போது வரைந்தீர்கள், எப்போது தைத்தீர்கள் என்று திகதி போட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு வையுங்கள். பழைய கொப்பியைத் தூக்கி எறியாதீர்கள், எண்ணெய்க் கறையோடு இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் பாவாடையின் முடிச்சு இடுப்பின் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியவில்லை. அம்மாவிடம் எந்தப் பக்கம் கட்டுகிறார், ஏன் என்று கேட்டு, அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.